மேற்படி ராகம்

உலகத்துக்குப் பாரத தேசம் பூஜ்யத்தைக் கொடுத்தது. மயிலாப்பூர் கமிட்டியைக் கொடுத்தது. இவற்றில் எது பெரிய கொடை என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குச் சந்தேகமே கிடையாது. பூஜ்யத்தை எதனோடு பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும். கமிட்டியை எதனோடு பெருக்கினாலும் ஓர் உபகமிட்டியாவது வரும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 'அபூர்வ ராக ரக்ஷண பரிசோதனா சபை'யின் கௌரவக் காரியதரிசி நான். வழக்கொழிந்த ராகங்களைத் தேடிப் பிடிப்பது, காப்பாற்றுவது, தகுதியுள்ளவர்களின் காதில் மட்டும் விழும்படி பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் சபையின் நோக்கங்கள். தலைவர் ராவ் பகதூர் ராஜகோபாலன் அவர்கள், ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ். இருபத்தாறு வருஷம் தீர்ப்பு எழுதியவர். இப்போதெல்லாம் வாதி பிரதிவாதி யாரும் இல்லாமலே தீர்ப்பு எழுதும் அளவுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. வடக்கு மாட வீதியில் அவருடைய வீட்டுப் பின்கட்டில்தான் நான் குடியிருக்கிறேன். அதற்கும் நான் காரியதரிசியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே பல முறை, பலர் முன்னிலையில், சொல்லியிருக்கிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், தை மாதம், ராவ் பகதூர் வீட்டுப் பரணில் எலி ஒன்று சங்கீத சேவை செய்தது. அது இழுத்துத் தள்ளிய பழைய சுவடிக் கட்டில் ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணம் எழுதியிருந்தது. அந்த ராகத்தை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. யாரும் பாடிய வரலாறும் இல்லை. காரணமும் அதே ஏட்டில் இருந்தது: 'வாசிப்பவனுக்கு ஆகாது.'

சங்கீதம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சில சுவரங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல. நெருங்கி இருந்தால் ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவற்றைப் பிடித்து அடுத்தடுத்து உட்காரவைத்த ராகத்துக்கு விவாதி ராகம் என்று பெயர். அதைப் பாடினால் தோஷம், குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பயம் வித்வான்களுக்குள் உண்டு. எங்கள் ராகமோ கீழே ஒரு சண்டை, மேலே ஒரு சண்டை என்று இரண்டு இடத்தில் விவாதி. அவசரக் கூட்டம் கூடியது. அதன் பெயரை உச்சரிக்கவே அங்கத்தினர்கள் தயங்கியதால், நடவடிக்கைக் குறிப்பில் 'ராகம் ஒன்று' என்று முதல் வரியில் எழுதி, அதன் பிறகு 'மேற்படி ராகம்' என்றே எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மேற்படி ராகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எல்லாரும் ஒருமனதாக இருந்தார்கள். அதைத் தாம் வாசிக்கக் கூடாது என்பதிலும் அதே ஒருமனம். எனவே வாசிப்பதற்கு, சபையில் அங்கத்தினராக இல்லாத ஒரு குடும்பஸ்தர் தேவைப்பட்டார்.

அந்தச் சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே கொட்டாங்கச்சி பிடில் சத்தம் கேட்டது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரைக் கொட்டாங்கச்சி, அதன் வாயில் ஒட்டிய தோல், ஒரு மூங்கில் குச்சி, ஒற்றைத் தந்தி. குதிரை மயிர் கட்டிய சின்ன வில்லால் இழுத்தால் பாடும். கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பார்கள். விற்கிறவர் கையில் அது அமிர்தமாகப் பாடும். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் பூனையாகக் கத்தும்.

விற்றுக்கொண்டு போனவரைக் கூப்பிட்டு விசாரித்தோம். பெயர் லூர்துசாமி, ஊர் ஊரூர் குப்பம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். 'பூசை' என்றதும் ராவ் பகதூர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பூசை என்று கேட்டார். மாதா கோயில் பூசை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் பழைய நீதிஸ்தலத்தின் ஒளி வீசியது.

"தோஷம்ங்கறது சாஸ்திரம் போட்ட உத்தரவு. அந்த எல்லைக்குள்ள இருக்கறவாளைத்தான் அது கட்டும். இவன்மேல அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது" என்றார்.

சட்ட ஞானமும் சங்கீத ஞானமும் ஒரே மூளையில் குடியிருந்தால் என்னென்ன விளையும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. வாத்தியத்தையும் கையோடு தீர்மானித்தோம். வீணை சரஸ்வதி கையில் இருப்பது. தோஷம் மேலிடம் வரை போய்விடும். கொட்டாங்கச்சி பிடிலாக இருந்தால் சேதம் அரைத் தேங்காய் ஓட்டோடு நிற்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சபைக் குறிப்புகளில் லூர்துசாமியை 'அவன்' என்றுதான் எழுதினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். இது சபைக்குத் தெரிய வேண்டாம்.

அவர் முன்னே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். நாலு வருஷத்துக்கு முன் வலைக்கயிறு சுற்றி இறுக்கியதில் இடது கை மோதிர விரல் முடங்கிப்போனது. கயிறு பிடிக்காத கைக்குக் கடலில் வேலை இல்லை. மனைவி ஜெசிந்தா மீன்கூடை சுமக்க, அவர் பிடில் செய்து விற்றார். வருஷம் முழுக்க அலைந்தாலும் அவருக்கு உண்மையான வியாபாரம் பங்குனித் திருவிழாவின் பத்து நாள்தான், அதிலும் நாயன்மார்கள் வீதிவலம் வரும் அறுபத்துமூவர் அன்றுதான். போன வருஷம் அன்றைக்கு மட்டும் மூன்று முறை போலீஸ்காரர் விரட்டியதில், பாதிக் கூடை ஜனங்களின் காலடியில் நொறுங்கியது. ஆகவே நாங்கள் சன்மானம் பற்றிப் பேச வாயெடுத்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தெப்பக்குளத்து மூலையில ஒரு எடம் சாமி. திருநா பத்து நாளும் என்னை யாரும் தொரத்தாம இருக்கணும். ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதும். அது கெடைச்சா வருசம் பூரா என் வூட்ல அடுப்பு எரியும்."

சீட்டு எழுதித் தருவதாக ராவ் பகதூர் வாக்குக் கொடுத்தார். எழுத வேண்டியது நான் என்பதால் தாராளமாகவே கொடுத்தார்.

நாற்பத்தெட்டு நாள் பரிசோதனை. தினமும் காலை ஏழு மணிக்கு, ராவ் பகதூர் வீட்டு மாட்டுக் கொட்டகையில். வீட்டுக்குள் வாசித்தால் தோஷம் தூலத்தில் தங்கிவிடும் என்று அபிப்பிராயம். தியாகராய நகரில் புது வீடு கட்டிக்கொண்டு, நோயாளிகளும் அங்கே வந்து வீடு கட்டட்டும் என்று காத்திருந்த ஹோமியோபதி டாக்டர் சடகோபன், தினமும் லூர்துசாமியின் நாடியையும் நாக்கையும் பரிசோதித்துத் தோஷத்தின் அறிகுறிகளைக் குறிக்க ஒப்புக்கொண்டார். இதற்காக நான் ஒரு படிவம் தயாரித்து அச்சடித்தேன். நாடி, பசி, தூக்கம், வீட்டில் மரணம், கூரையின் நிலை என்று கட்டங்கள். கடைசிக் கட்டம்: 'தோஷம் இருக்குமிடம்.'

முதல் நாள் பாடம் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ராகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ராவ் பகதூர். ஆனால் அவர் அதைப் பாடக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. எனவே அவர் ஓர் அடிக்கோலோடு வந்தார். தம் வீணைத் தண்டியில் பதித்த பித்தளை மெட்டுகளை முன்தினமே அளந்து, கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூங்கில் குச்சியில் அடிக்கோலை வைத்து, சிவப்புப் பென்சிலால் ஏழு கோடுகள் கிழித்தார்.

"இன்னா சாமி, பாட்டுக்கு அளவு எடுக்கிற? சொக்கா தைக்கப் போறியா?" என்று லூர்துசாமி கேட்டார்.

"கோடு போட்ட எடத்துல விரலை வை. வேற எடத்துல வைக்காதே."

"ஒரு தபா பாடிக் காட்டேன் சாமி, புடிச்சிக்கிறேன்."

"பாடப்படாது."

"தெரியாதா?"

ராவ் பகதூர் என்னைப் பார்த்தார். நான் பசுவைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும். ஆனா பாட மாட்டேன்" என்றார் ராவ் பகதூர்.

லூர்துசாமிக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. "பரவால்ல சாமி, வெக்கப்படாத. நானே பாத்துக்கிறேன்" என்றார்.

கோடுகளில் விரல் வைத்து வில்லை இழுத்தார். முதலில் வந்தது கதவுக் கீல் சத்தம். ராவ் பகதூர் அவசரமாக ஒரு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஒரு காதால் கேட்டால் பாதி தோஷம்தான் என்று கணக்கு. லூர்துசாமி திரும்பத் திரும்ப இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டு, எங்களுக்கு மேற்படி ராகத்தின் லட்சணத்தைச் சொன்னார்.

"மூணு பேரு ஒரே கட்டுமரத்துல நெருக்கிக்கினு குந்திக்கினு கீறான் சாமி. அப்பால நெறைய தூரம் வெறுந் தண்ணி. அப்பால ரெண்டு பேரு சாவகாசமா. மறுபடியும் மூணு பேரு நெருக்கிக்கினு கீறான். நெருக்கிக்கினு கீற எடத்துல நிக்கக் கூடாது, வழுக்கிக்கினு போயிடணும். தண்ணிக்கு அந்தாண்ட போய்த்தான் மூச்சு வுடணும்."

இதையே நாங்கள் உபகமிட்டி வைத்து, பதினொரு பக்கத்தில், சமஸ்கிருத மேற்கோள்களோடு எழுதியிருந்தோம். எங்கள் பதினொரு பக்கத்தில் மூச்சு எங்கே விட வேண்டும் என்பது இல்லை.

பத்து நாளில் சுவரங்களின் சண்டை ஓய்ந்தது. இருபது நாளில் அது ஒரு பாட்டாக ஆகிவிட்டது. கீழ்ச் சுவரங்களை விட்டு மேலே தாவும் ஓரிடத்தில் முடமான மோதிர விரல் அவருக்குத் தூக்க வராது. விரலைத் தந்தியோடேயே இழுத்துக்கொண்டு போவார். அதனால் அங்கே ஒரு நெளிவு விழும். அழப்போகிற குழந்தை எதையோ பார்த்துச் சிரித்துவிட்டாற்போல இருக்கும் அந்த இடம். பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கும் நான் அதற்காகவே செம்பைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். ஆபீசுக்கு மூன்று நாள் நேரம் கழித்துப் போனேன்.

டாக்டர் சடகோபனின் அறிக்கைகள் கவலைக்கிடமாக இருந்தன. நாடி சரி. நாக்கு சுத்தம். பசி 'சாதாரணத்துக்கு மேல்'. ஆசாமி நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வருவது பரிசோதனையின் கௌரவத்துக்குப் பொருந்தவில்லை என்று அவர் அபிப்பிராயப்பட்டார். ஒருவேளை தோஷம் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கலாம். காரியதரிசி நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு, அடையாற்றுப் பாலம் தாண்டி, மணலில் செருப்பைக் கையில் பிடித்தபடி குப்பத்துக்குப் போனேன். 'கூரையின் நிலை' என்ற கட்டத்தில் பெரிய சிக்கல். கூரையின் ஒரு பக்கம் போன ஐப்பசி மழையிலேயே விழுந்துவிட்டது. தோஷத்துக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

லூர்துசாமி வாசலில் உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் வலை பின்னியபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதிலும் பஞ்சு இல்லை. ஜெசிந்தா பிடில்களுக்குத் தோல் ஒட்டி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்காக இரண்டு கூடை தயாராகிக்கொண்டிருந்தது. "சீட்டு எழுதியாச்சா சாமி?" என்று கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். பரிசீலனை என்றால் என்ன என்று கேட்டாள். எழுதுவதற்கு முன்னால் செய்வது என்றேன். அவள் தலையாட்டினாள்.

லூர்துசாமி ஒரு பிடிலை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லக் காரியதரிசிக்கு அதிகாரம் உண்டு; நான் சொல்லவில்லை. என் விரலைப் பிடித்துக் குச்சியில் வைத்தார். முதல் மூன்றில் நிற்காதே, வழுக்கு, அந்தாண்ட போ என்றார். மாலை வரை முயன்றேன். ஒரே ஒரு தடவை, தற்செயலாக, அந்தத் தண்ணீரைத் தாண்டி அக்கரையில் போய் நின்றேன். "அதான், அதான்" என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர் சொன்னார். என் முப்பத்தெட்டு வயதுக்குள் ஒருவரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படிவத்தில் 'கடற்காற்று' என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பிடிலை எனக்கே கொடுத்துவிட்டார் லூர்துசாமி. சபை அலமாரியில், பழைய கோப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நாற்பத்தேழாம் நாள் ஒரு பிரளயம் வந்தது. டாக்டர் சடகோபன் நாடி பிடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லூர்துசாமிமேல் தோஷத்துக்கு அதிகாரமே இல்லை என்றால், அவர் சௌக்கியமாக இருப்பதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார். நாற்பத்தேழு நாளாக இந்தக் கேள்வி மயிலாப்பூரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராவ் பகதூர் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் திறந்து, விரலை நீட்டினார்.

"பசு" என்றார்.

நாங்கள் பசுவைப் பார்த்தோம்.

"நாற்பத்தேழு நாளா ரெண்டு காதாலயும் கேட்டுண்டு நிக்கறது. பால் குறைஞ்சுதா? இல்லை. அது நம்மவா. அதுமேல சாஸ்திரத்துக்குப் பூரண அதிகாரம் உண்டு."

இவ்வாறாக மேற்படி ராகம் நிர்த்தோஷமானது என்று பசுவின் சாட்சியத்தால் நிரூபணமாயிற்று. அறுபத்துமூவர் தினத்தன்று காலையில் சபையின் மாநாடு. அதில் ராவ் பகதூரே மேற்படி ராகத்தை வீணையில், 'உலகில் முதன்முறையாக', வாசிப்பார் என்று நோட்டீசு அடித்தோம். ஊரே கூடும் நாளில் வைத்தால் கூட்டத்துக்குக் குறைவிராது என்பது உபகமிட்டியின் யோசனை.

ஆனால் ஊர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. லூர்துசாமி காலையில் கொட்டகையில் வாசித்ததை மாலையில் தெருவில் வாசித்துப் பிடில் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் 'மேற்படி, மேற்படி' என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அதுதான் பாட்டின் பெயர் என்று நினைத்துவிட்டார். மாட வீதிக் குழந்தைகளெல்லாம் "அந்த மேப்படிப் பாட்டு வாசி" என்று அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கறிகாய்க்காரி அதை முணுமுணுத்தாள். ராவ் பகதூரின் சொந்தப் பேத்தி தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதைப் பாடியதில் வீட்டில் பெரிய ரகளை.

ராவ் பகதூர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பட்டாபி, கொட்டாங்கச்சியில ஊரெல்லாம் கேட்டதை மறுநாள் நான் வீணையில வாசிச்சா என்ன சொல்லுவா? நான் அவனைப் பார்த்து வாசிக்கறேன்னு சொல்ல மாட்டாளா?"

அப்படித்தானே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. முதல் நாளுக்குப் பிறகு பெரும்பாலும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, பஞ்சு வைக்காத காதால் அவர் பாடம் கேட்டது எனக்குத் தெரியும். அந்தப் பின்கட்டில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு அறை. "சொல்லுவா, கட்டாயம் சொல்லுவா" என்றேன்.

அன்றைக்கே நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவது, லூர்துசாமிக்குக் குளத்து மூலையில் இடம் தரும்படி. இரண்டாவது, மாநாட்டுப் பந்தலின் செவிக்கெட்டும் தூரத்தில் 'அங்கீகாரம் பெறாத வாத்தியங்கள்' ஒலிக்காதபடி பார்த்துக்கொள்ளும்படி. இரண்டும் ஒரே போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு. முதல் கடிதத்தில் சபை செய்துகொடுத்த வாக்கு சம்பந்தப்பட்டிருந்தபடியால், விதிப்படி அது உபகமிட்டியின் அனுமதிக்குப் போக வேண்டியிருந்தது. உபகமிட்டி கூடுவது திருவிழா முடிந்த பிறகு. இரண்டாவதற்கு என் கையெழுத்தே போதும். போட்டேன். என் கையெழுத்து மிகவும் அழகாக இருக்கும் என்று ஆபீசிலும் சொல்வார்கள்.

லூர்துசாமியிடம் சீட்டு 'போயிருக்கிறது' என்று சொன்னேன். ஒரு சீட்டு போயிருந்தது உண்மைதான்.

அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே நாலு வீதியிலும் மேளம், தவில், பஜனை கோஷ்டிகள், தண்ணீர்ப்பந்தல் கூச்சல், ஊதல், ராட்டினம், காணாமற்போன குழந்தைகள், அவர்களைத் தேடும் தாய்மார்கள். இவ்வளவுக்கும் நடுவே இன்ஸ்பெக்டரின் ஆட்களுக்கு அங்கீகாரம் பெறாத சத்தமாகக் கேட்டது ஒரே ஒரு கொட்டாங்கச்சிதான். கடமை உணர்ச்சி உள்ளவர்களின் செவி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பந்தலுக்குள் ராவ் பகதூர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். நான் வாசலில் நின்று பிரமுகர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். குளத்து மூலையில் கூட்டம் விலகியது. இரண்டு போலீஸ்காரர்கள் லூர்துசாமியைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் மூன்றாவது ஆள் கூடைகளைத் தெருவில் இழுத்துக்கொண்டு வந்தான். அதிலிருந்து பிடில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்ததை ஜனங்கள் மிதித்தார்கள். கொட்டாங்கச்சி உடையும் சத்தம் தேங்காய் உடைப்பது போலவே இருந்ததால், திருவிழாவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்ததும் லூர்துசாமி நின்றார். "சாமி, சீட்டு போய்க்கீதுன்னு இவங்ககிட்ட சொல்லு" என்றார்.

போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுவா?" என்று கேட்டார். லூர்துசாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பந்தலுக்குள்ளிருந்து வந்த வீணையைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டேதான். கீழ் மூன்றை வழுக்கிக்கொண்டு, தண்ணீரைத் தாண்டி, அக்கரையில் மூச்சு விட்டு அப்படியே வந்தது. அந்த இடமும் வந்தது. ராவ் பகதூர் தம் நல்ல மோதிர விரலை முடம் போல மடக்கிவைத்துத் தந்தியில் இழுத்தார். பந்தல் முழுவதும் "ஆஹா" என்றது. அந்த நெளிவு இருநூறு வருஷத்துச் சம்பிரதாயம் என்று முன்வரிசையில் ஒரு வித்வான் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

"சாமி, அந்த எடத்துல வெரலை இழுக்க வேணாம்னு ஐயாகிட்ட சொல்லு. எனக்கு வெரல் மொடம், அதான் இழுக்கிறேன். அவருக்கு நல்லாத்தானே கீது, தூக்கி வெக்கச் சொல்லு" என்றார் லூர்துசாமி.

போலீஸ்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று ராவ் பகதூருக்கு 'அபூர்வ ராக சிரோமணி' பட்டம் அளிக்கப்பட்டது. வரவேற்புரையும் நன்றியுரையும் நான்தான்.

லூர்துசாமியைத் திருவிழா முடியும்வரை உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள். அவர் வெளியே வந்த மறுநாள் ஜெசிந்தா வந்தாள். முன்கட்டுக்குள் விடமாட்டார்கள் என்று, கொல்லைப்புறமாக மாட்டுக் கொட்டகைக்கு வந்து நின்றாள். நான் தயாராக வைத்திருந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்காக வரவில்லை.

"அவரு உனக்குக் குடுத்த பிடிலு கீதாமே. அத்தக் குடு சாமி. வூட்ல ஒண்ணுகூட இல்ல. கையில ஒண்ணு இருந்தாத்தான் அதப் பாத்து மறுபடியும் செய்ய முடியும்."

அலமாரியைத் திறந்து, கோப்புகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதன் தூசியை முந்தானையால் துடைத்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. எல்லாம் அந்த ராகத்தின் தோஷம்தானோ என்னவோ, ஏட்டிலேயே எழுதியிருந்தது என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே என் வாய் எனக்கே கசந்தது.

ஜெசிந்தா துடைப்பதை நிறுத்தினாள்.

"பாட்டு இன்னா பண்ணுச்சி சாமி? நாப்பத்தெட்டு நாளும் நல்லாத் துன்னுச்சு, நல்லாத் தூங்குச்சு, என்னாண்ட சிரிச்சிப் பேசுச்சு அந்த மனுசன். உங்க சீட்டு வந்தப்பறந்தான் எல்லாம் போச்சு."

பிடிலைக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பசு அவள் போன திசையைப் பார்த்துக் கத்தியது. பால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைந்ததாக வேலைக்காரி முத்தம்மா சொன்னாள். பரிசோதனைக் காலம் முடிந்துவிட்டபடியால் அதை நான் குறிக்கவில்லை.

சபையின் இறுதி அறிக்கை இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. எழுதியவன் நான். 'மேற்படி ராகத்தை நாற்பத்தெட்டு தினங்கள் வாசித்த நபருக்கு மேற்படி ராகத்தால் யாதொரு தீங்கும் விளையவில்லை என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டது' என்பது அதன் முடிவு. அது முழுக்க முழுக்கச் சத்தியம். அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை. அதோடு இணைத்து அச்சாகும் படிவத்தின் கடைசிக் கட்டம் மட்டும் நாற்பத்தெட்டு நாளும் காலியாகவே இருந்தது. அதில் 'இல்லை' என்று போட்டுவிடும்படி ராவ் பகதூர் உத்தரவு.

நேற்று மாலை பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

'தோஷம் இருக்குமிடம்: மேற்படி சபை, வடக்கு மாட வீதி, மயிலாப்பூர்.'

கீழே, வழக்கம் போல அழகாக, என் கையெழுத்தைப் போட்டேன்.